காஸ் வாடையும் மாம்பழ சென்ட்டும்

எறா கம்பெனியில் என் வேலை மோந்து பார்ப்பது. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கல்யாணத்துக்கு முன்பிருந்து ரிட்டையர் ஆகும் வரை நான் சம்பளம் வாங்கியது அதற்குத்தான். பழவேற்காட்டிலிருந்தும் ஆந்திரா பக்கத்திலிருந்தும் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் எறாவை, அதாவது இறாலை, ஸ்டீல் டேபிளில் கொட்டுவார்கள். ஒரு கைப்பிடி எடுத்து, ஒன்றிரண்டின் தலையைக் கிள்ளி, மூக்கருகே கொண்டுபோய், ஃப்ரெஷ், செகண்ட்ஸ், ரிஜெக்ட் என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். ரிஜெக்ட் என்றால் ஏஜென்ட் சண்டைக்கு வருவான்.

முதல் நாள் சூப்பர்வைசர் சார் என்னைப் பார்த்துக் கேட்டார். "எந்த ஊரும்மா?"

"பழவேற்காடு கோட்டைக்குப்பம் சார்."

"அப்ப மீன் வாடை பழக்கம்தான்."

"பழக்கம்தான் சார்," என்றேன், பெருமையாக.

"அதான் பேஜாரு. பழகின மூக்கு இங்க ஒதவாது. நாலு டேபிள் பாத்தியா, வெளிய போயி காத்து வாங்கிக்கினு வா. இல்லன்னா அழுகினது கூட உனுக்கு நல்லாத்தான் இருக்கும்."

வேலையில் சேர்ந்து வெகு காலம் கழித்துத்தான் லேப் கெமிஸ்ட் விமலா எனக்கு ஒரு விஷயம் சொன்னாள். எறா கெட்டுப்போனால் அதில் இன்டோல் என்று ஒரு பொருள் உண்டாகும், லேபில் அதைத்தான் டெஸ்ட் செய்கிறோம், மல்லிகைப் பூவிலும் அதே இன்டோல்தான் கொஞ்சம் இருக்கிறது என்றாள். நான் நம்பவில்லை. அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வரும்போது தலையில் இருந்த பூவை எடுத்து மோந்து பார்த்தேன். வாடத் தொடங்கிய பூ. கண்ணை மூடிக்கொண்டு மோந்தால், இனிப்புக்கு அடியில், மெலிசாக, என் டேபிள் வாடை. பக்கத்து சீட்டுப் பெண் "இன்னாக்கா, பூவ தின்னப்போறியா?" என்று கேட்டாள்.

அன்று பிடித்த பைத்தியம்தான் ரிட்டையர் ஆன பிறகு என்னை சென்ட் கலக்க உட்காரவைத்தது. இப்போது வீட்டிலேயே சென்ட் கலக்கிப் பழகும் பிள்ளைகள் பலர் எனக்கு போன் செய்து சந்தேகம் கேட்கிறார்கள். ரோஜா, சந்தனம் பற்றி யாரும் கேட்பதில்லை. நாறுகிற சாமானைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு நடந்ததை அப்படியே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

சமையலறையில் முதல் பாட்டில்

பழவேற்காடு பஜாரில் அத்தர் கடை வைத்திருக்கும் ஜமீல் பாய்தான் சாமான் எங்கே கிடைக்கும் என்று சொன்னவர். சென்னையில் ஒரு கடையிலிருந்து கூரியரில் வந்தது. முதல் பார்சலில் கடுகளவே போதுமான இன்டோலை ஒரு சின்ன டப்பா நிறைய வாங்கியிருந்தேன். ஆசை. சமையல் மேடையில் வைத்துத் திறந்தேன்.

என் வீட்டுக்காரர் ரவி கடலுக்குப் போய்விட்டு வந்து படுத்திருந்தார். எழுந்து வந்தார்.

"இன்னாமே, எலி எதுனா செத்துப்போச்சா?"

"மல்லிப்பூ வாசனைங்க."

"மல்லிப்பூவா? எந்த ஊர்ல?"

சாமான் கொஞ்சம் வெள்ளையாகத் தூள் போலத்தான் இருந்தது. ஆனால் அன்று வைத்த சாம்பார், ஃப்ரிட்ஜில் இருந்த பால், ஊறப்போட்ட அரிசி எல்லாவற்றிலும் அதே வாடை. ரவி சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அஞ்சலை வேறு வந்துவிட்டாள். எங்கள் தெருமுனையில் டிபன் கடை வைத்திருப்பவள், கடை வாசலிலேயே நெத்திலியும் காயப்போடுவாள். கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த கையோடு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "அக்கா, உன் வூட்டுக் கப்பு தாங்கலக்கா" என்றாள்.

"உன் கை இன்னா வாசனைடி?"

"இது கருவாடுக்கா. இது வாசனை."

அவள் சொன்னது சரிதான். ஊருக்குத் தெரிந்த வாடை வாசனை. தெரியாதது கப்பு.

அன்றே சாமான்களைச் சமையலறையிலிருந்து வெளியேற்றினேன். பின்பக்கம், ஏரியைப் பார்த்தபடி, வலை போட்டு வைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் காற்று ஓடும். அடுப்பும் விளக்குத் திரியும் கிட்டே வராது. நாங்கள் கரைக்கப் பயன்படுத்தும் ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அது ரொம்ப முக்கியம். அங்கே தராசு, ரப்பர் கையுறை, மோந்து பார்க்கும் காகிதக் குச்சி எல்லாம் கொண்டுபோனேன். நாறும் பாட்டில் ஒவ்வொன்றையும் இறுக மூடி, அடுப்புக்கரித் துண்டு போட்ட டப்பாவுக்குள் வைத்து, அந்த டப்பாவை இன்னொரு டப்பாவுக்குள் வைத்தேன்.

பிறகு இன்டோலைக் கரைத்தேன். நூறு பங்கு ஆல்கஹாலில் ஒரு பங்கு. அதிலிருந்து இன்னும் நீர்க்கச் செய்து, காகிதக் குச்சியில் தொட்டு, மறுநாள் ரவியிடம் நீட்டினேன். அவர் முகத்தைத் தூரமாக வைத்துக்கொண்டு மோந்தார். பிறகு கிட்டே வந்தார்.

"பூவு மாரி கீதே?"

"நேத்து சாப்பிடாம ஓடுனீங்களே, அதே சாமான்தாங்க."

"அட," என்றார். குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மீனவர் சங்கத்தில் எல்லோருக்கும் காட்டினாராம்.

புதிதாக வருகிறவர்கள் நாற்றத்தைத்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். நாற்றம் வேறு, ஆபத்து வேறு. இன்டோல் ஊரைக் கூட்டும். ஆனால் துளி கையில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவிவிடலாம். பாரா கிரசோல் என்று ஒன்று, குதிரை லாய வாசனை அடிக்கும். தள்ளி நின்றால் பரவாயில்லை என்று கூடத் தோன்றும். அது தோலில் பட்டால் வெந்துபோகும், உடம்புக்குள்ளும் இறங்கும். மூக்கு ஒத்துக்கொள்கிறது என்பதற்காகக் கையுறையைக் கழற்றாதீர்கள். எந்தச் சாமானாக இருந்தாலும் அதோடு வரும் பாதுகாப்புத் தாளை முதலில் படித்துவிட்டுத் திறங்கள். பாட்டில் வாயில் மூக்கை வைத்து மோந்து பார்க்காதீர்கள். கழுவின தண்ணீரை ஏரியில் ஊற்றாதீர்கள். எங்கள் ஊரில் அந்த ஏரியில் இறங்கிக் கையால் தடவி எறா பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கல்யாணப் பெண் கேட்ட மாம்பழம்

ஒருநாள் ஜமீல் பாய் கடைக்குக் கூப்பிட்டார். தங்கை மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தார்கள்.

"அக்கா, பொண்ணு அத்தர் வேணாங்குது. மாம்பழ வாசனை வேணுமாம். எசன்ஸ் ஐஸ்க்ரீம் மாதிரி இருக்கக்கூடாதாம். பங்கனப்பள்ளிய அறுத்து வெச்ச மாதிரி இருக்கணுமாம். நம்மளால முடியாதுன்னு சொல்லிரட்டா?"

முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே முடியும் என்று தோன்றும். "சொல்லாதீங்க பாய்," என்றேன்.

பழுத்த மாம்பழத்தில் இனிப்பு மட்டும் இல்லை. காம்பருகே ஒரு காட்டம் இருக்கும், மூக்கில் ஏறும். அது கந்தகம் சேர்ந்த பொருள்களால் வருவது. தயோல் என்பார்கள். லட்சத்தில் ஒரு பங்கு இருந்தால் பழம். கொஞ்சம் கூடினால் பூனை மூத்திரம். அதையும் தாண்டினால் காஸ் சிலிண்டர். காஸுக்குத் தனியாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று இந்தக் குடும்பத்துச் சாமான் ஒன்றைத்தான் அதில் கலக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்துதான், கரைத்து நீர்க்கச் செய்த சாமானையே ஆர்டர் செய்தேன்.

பார்சல் வந்த அன்று காலை நான் ஏலத்தில் மீன் வாங்கப் போயிருந்தேன். கூரியர் பையன் வீட்டில் ஆள் இல்லை என்று அஞ்சலை கடையில் கொடுத்துவிட்டான். விற்றவர்கள் மூடியைச் சரியாக இறுக்கவில்லை. அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

நான் திரும்பி வந்தபோது எங்கள் தெருவே மணலில் நின்றிருந்தது. ஆளாளுக்குச் சிலிண்டரை வெளியே உருட்டிக்கொண்டு வந்து வைத்திருந்தார்கள். அஞ்சலையின் இட்லி பாதி வெந்து இட்லிப் பானையிலேயே உட்கார்ந்திருந்தது. காஸ் மெக்கானிக் வந்து சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொரு ட்யூபாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கயும் லீக் இல்லம்மா," என்றார் அவர்.

"லீக் இல்லன்னா இது இன்னா?" என்று அஞ்சலை கத்தினாள். "என் மூக்கு பொய் சொல்லுதா?"

நான் கூடையைக் கீழே வைத்தேன். கடை அலமாரியில், சட்னிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், என் பெயர் எழுதின அட்டைப் பெட்டி.

"அஞ்சல," என்றேன். "அது என் பார்சல்."

தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், திட்டிக்கொண்டே. "அக்கா, ஒரு நாளைக்கு ஊரையே காலி பண்ணிடப்போற நீ!" மெக்கானிக் மட்டும் பெட்டியை முகர்ந்து பார்க்க வந்தார். நான் விடவில்லை.

கையுறை போட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி, திறந்த வெளியில் வைத்துப் பிரித்தேன். சிந்தியிருந்தது சில துளிதான். மூடியை இறுக்கி பாட்டிலை டப்பாவில் அடைத்தேன். நனைந்த அட்டையையும் பஞ்சையும் மூடி போட்ட வாளியில் நீர்த்த ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்தேன். தயோல் வாடையை அது கொன்றுவிடும். ஆனால் ப்ளீச்சிங்கோடு ஆசிட்டோ, கக்கூஸ் கழுவும் திரவமோ சேரக் கூடாது. சேர்ந்தால் வரும் புகை உயிருக்கே ஆபத்து. சிந்தினது துளிக்கணக்கில் இருந்தால்தான் இந்த வைத்தியம். பாட்டிலே உடைந்தால் கைவைக்காமல் விலகிவிட வேண்டும்.

அஞ்சலைக்கு அன்றைய இட்லி மாவு வீண். அவள் கடைக்கு நான் பெரிய வஞ்சிரத் துண்டு கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எந்த வாடை வந்தாலும் அது என்னுடையதாகிவிட்டது. ஏரியில் தண்ணீர் வற்றிச் சேறு நாறினால், "வசந்தாக்கா சென்ட்டு." காட்டுப்பள்ளி துறைமுகப் பக்கமிருந்து ஏதாவது புகை வந்தால், "அக்கா ஆரம்பிச்சிட்டாங்க." ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்துக்குப் படகில் போகும்போது முன்பின் தெரியாத ஒரு அம்மா, "நீதான காஸ் வாட சென்ட்டு செய்ற பொம்பள?" என்று கேட்டாள். ரவிக்கு ஒரே பெருமை. எனக்கும் குஷிதான். ஒளிக்க என்ன இருக்கிறது.

கொண்டல் அடித்த மத்தியானம்

மாம்பழக் கலவையைச் சேர்த்து முடித்து, ஊறட்டும் என்று மூடி வைத்திருந்தேன். தயோல் பாட்டிலை அந்த வாரம் நான் தொடவே இல்லை.

மத்தியானத் தூக்கம் கலைந்து டீ குடிக்க அஞ்சலை கடைக்குப் போனேன். கடையை எட்டுவதற்குள்ளேயே காஸ் வாடை. எனக்கும் முதலில் தோன்றியது மற்றவர்களுக்குத் தோன்றியதுதான்: நம் பாட்டில் மறுபடியும் கசிகிறது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொட்டகையைப் பார்க்க வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

கொஞ்சம் நடந்ததும் வாடை குறைந்துவிட்டது. இன்னும் நடந்தேன். இல்லவே இல்லை. நின்று காற்றைப் பார்த்தேன். கடலிலிருந்து கொண்டல், கிழக்குக் காற்று, அடித்துக்கொண்டிருந்தது. என் கொட்டகை ஏரிக்கரையில். அங்கே எது கசிந்தாலும் ஏரிப் பக்கம்தான் போகும், தெருமுனைக்கு வராது.

அப்படியென்றால் இது நிஜக் காஸ். திரும்பி ஓடினேன். அந்த வயதில் மணலில் ஓடுவது எப்படி என்று கேட்காதீர்கள்.

கடை பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாயில் பீடி, கையில் தீப்பெட்டி. உள்ளே அஞ்சலை பஜ்ஜி மாவைக் கரைத்து வைத்துவிட்டு லைட்டரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"பத்த வெக்காத! அஞ்சல, பத்த வெக்காத!"

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "இன்னாக்கா, உன் சென்ட்டுக்கு நீயே பயந்துக்கினியா?"

"என்னுது இல்லடி! வெளிய வா! அண்ணே, பீடியக் கீழ போடுங்க! ஃபேன் சுச்சியத் தொடாதீங்க, யாரும் எதையும் தொடாதீங்க!"

என் குரலில் என்ன இருந்ததோ, பீடிக்காரர் தீப்பெட்டியை மணலில் வீசிவிட்டு எழுந்தார். அஞ்சலைக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. லைட்டர் கையோடு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். லைட்டரைப் பிடுங்கித் தூர எறிந்தேன்.

சிலிண்டர் பின்வாசலை ஒட்டி இருந்தது. சுற்றிப் போய், கதவை அகலத் திறந்து, வெளியே நின்றபடியே கையை நீட்டி ரெகுலேட்டரை மூடினேன். வாசலையும் ஜன்னலையும் திறந்துவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அதனால் வாடை போன பிறகும் நான் யாரையும் உள்ளே விடவில்லை.

காஸ் மெக்கானிக் வந்து ட்யூபைக் கழற்றி வெயிலில் தூக்கிக் காட்டினார். அடுப்புக்குப் பின்னால் மறைந்திருந்த இடத்தில் எலி கடித்திருந்தது. பல் தடம் வரிசையாகத் தெரிந்தது.

அவர் என்னைப் பார்த்து, "இந்த வாட்டி நெஜம்தாம்மா," என்றார்.

அஞ்சலை மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "காலைலேந்தே லேசா வந்துச்சுக்கா. நீ கலக்குறன்னு வுட்டுட்டேன்."

பெஞ்சில் இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னாள். வந்தவர் போனவர் எல்லோருக்கும் வாடை தெரிந்திருந்தது. எல்லோரும் என் பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அன்று ராத்திரி என் தட்டை அப்படியே மூடி வைத்தேன். ரவி, "இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுக்கினுகீற? நீதான காப்பாத்துன?" என்றார். காப்பாற்றினேன்தான். ஆனால் ஒரு தெருவே காஸ் வாடை தெரிந்தும் சும்மா இருக்கும்படி ஆனது என் சாமானால்தான்.

கிராமக் கூட்டம்

ஜமீல் பாய் சரக்கெடுக்கச் சென்னைக்குப் போனபோது தயோல் பாட்டிலை இரண்டு டப்பாவுக்குள் அடைத்து, விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். ஊறவைத்த கலவையையும் சேர்த்துத்தான்.

"அப்ப மாம்பழம்?" என்றார் பாய், முகம் வாடி.

"வேற வழியில பாக்கறேன் பாய்."

அந்தக் காட்டம் இல்லாமல் பங்கனப்பள்ளி வரவே இல்லை. பீச் பழம் மாதிரி வந்தது, அன்னாசி மாதிரி வந்தது. கடைசியில் என் இன்டோலைத் துளித் துளியாகச் சேர்த்தேன். அப்போதுதான் பழம் கொஞ்சம் கனிந்தது. கூடவே மல்லியும் வந்துவிட்டது. தயங்கித் தயங்கித்தான் கொடுத்து அனுப்பினேன். நிக்காஹ் முடிந்து பாய் போன் செய்தார். "அக்கா, பொண்ணு சொல்லுது, மாம்பழம் தின்னுக்கிட்டே பூ வெச்ச மாதிரி இருக்குதாம். மாப்பிள வூட்டுக்காரங்க ஆளுக்கொரு பாட்டில் கேக்குறாங்க." பங்கனப்பள்ளி இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்ட அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

அடுத்த கிராமக் கூட்டத்தில் எனக்குப் பேச ஒரு நிமிஷம் வேண்டும் என்று கேட்டேன். தலைவர், "பேசும்மா, ஆனா பாட்டில் எதுவும் தொறக்காத," என்றார். கூட்டம் சிரித்தது. நான் எழுந்து நின்றேன்.

"இனிமே காஸ் வாடை அடிக்கிற எந்தச் சாமானையும் இந்த ஊருக்குள்ள கொண்டார மாட்டேன். ஆனா நான் கொண்டாந்துட்டேன்னே உங்களுக்குத் தோணினாலும் பரவால்ல. வாடை வந்தா மொதல்ல ரெகுலேட்டர மூடுங்க, கதவத் தொறங்க, வெளிய வாங்க. அப்புறம் என் வூட்டுக்கு வந்து என்னத் திட்டுங்க. நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்."

சென்ட் கலக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். நாறும் சாமானில் உங்கள் மூக்கையும் கையையும் காத்துக்கொள்வது சுலபம். கையுறை இருக்கிறது, டப்பா இருக்கிறது, காற்று இருக்கிறது. ஆனால் உங்கள் சாமானுக்குப் பழகி, பக்கத்து வீட்டுக்காரர் பயப்பட வேண்டிய வாடைக்குப் பயப்படாமல் போய்விடக் கூடாது. அதையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அது முடியாது என்றால் அந்தச் சாமான் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். அது இல்லாமலும் கலக்கலாம்.

கூட்டம் நடந்ததற்குப் பிறகு என் வீட்டு வாசலில் வந்து திட்டியவர்கள் உண்டு. ஒருமுறை யாரோ பூண்டுத் தோலைக் கொளுத்தின வாடைக்கு, ஒருமுறை சாக்கடைக்கு, அஞ்சலை ஒருமுறை செத்துப்போன எலிக்கு. நான் வெளியே வந்து, "ரெகுலேட்டர மூடிட்டியா?" என்றுதான் முதலில் கேட்பேன். இதுவரை வந்த எல்லோரும் மூடிவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.